சபாஷ், இன்னாசி

மத்தியானம் இரண்டு மணிக்கு நான் கோட்டை இடிக்க ஆரம்பிப்பேன்.

அதற்கு முன்னால் சில வேலைகள் உண்டு. தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்த வேண்டும். எதிர்வீட்டு ரெஜினா அக்காவுக்குக் கண் நீளம். முந்தானையை இடுப்பில் செருக வேண்டும். டீப்பாயை ஓரமாக இழுக்க வேண்டும். ஒருமுறை இழுக்க மறந்துபோய், கை வீசிய வேகத்தில் முழங்காலை இடித்துக்கொண்டேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக என் மகள் அன்சிலாவிடம் பொய் சொன்னேன். இதையெல்லாம் முடித்துவிட்டு, டி.வி.யைப் போட்டு, அந்த வெள்ளைக் கைப்பிடியை வலது கையில் மாட்டிக்கொண்டு நின்றால், திரையில் மலை உச்சியில் ஒரு கோட்டை எழும்பும்.

கோட்டை மாடத்தில் மீசை முறுக்கிய ராஜா ஒருவன் நின்றுகொண்டு, "முடிந்தால் தொட்டுப் பார்!" என்பான். திரையின் கீழே ஓர் இரும்புக் கையுறை தெரியும். நான் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். பின்னால் இழுத்து வீசினால் கல் பறக்கும். முதல் கல்லில் கொடிமரம், இரண்டாவதில் வாசல், மூன்றாவதில் ராஜா நிற்கும் மாடம். எல்லாம் பொலபொலவென்று சரியும்போது டி.வி. கத்தும்: "சபாஷ், இன்னாசி!"

இன்னாசி என் வீட்டுக்காரர். நான் பிளவியா.

இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது கிறிஸ்மஸ் பரிசாக. இவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். கம்பெனிக்குக் காப்பீடு கொடுக்கிறவர்கள், ஊழியர்களின் உடம்பு சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பெட்டி அனுப்பினார்கள். பெட்டியைப் பிரித்து மாட்டியதும் விளையாடுகிறவர் பெயரைக் கேட்டது. அன்சிலா டாடி பெயரைப் போட்டாள். யாரும் அதை யோசிக்கவில்லை. கேஸ், கரண்ட், டி.வி. எல்லாமே இவர் பெயரில்தான். என் கைபேசி எண்கூட இவர் பெயரில்தான். ஏதாவது கம்பெனியிலிருந்து கூப்பிட்டால் என்னிடமே "இன்னாசி சாருங்களா?" என்று கேட்பார்கள். நானும் ஆமாம் என்றுவிடுவேன்.

புதுவருஷம் வரை மூன்று பேரும் மாறி மாறி விளையாடினோம். அப்புறம் அன்சிலாவுக்குக் கல்லூரி, இவருக்குப் பகல் ஷிப்ட். இவர் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாலு கல் வீசுவார். கைப்பிடியின்மேல் தூசி படிந்தது. ஒருநாள் தூசி துடைக்கிற சாக்கில் எடுத்தவள்தான். பதினெட்டு மாதம் கீழே வைக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டில் எனக்கு நிதானமில்லாதவள் என்று பெயர். டீ கொண்டுவந்தால் சாஸரில் பாதி நிற்கும். ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தால் எனக்கே ஆத்திரம் வந்து தூக்கி எறிந்துவிடுவேன். "ஏட்டி, எதுக்கு இப்படிப் பறக்க?" என்பார் இவர். அன்சிலா என் தட்டில் சிந்திய சோற்றைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு நாற்பத்து நாலு வயது. கை சொன்னபடி கேட்டது அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான். அங்கே என் கல் ஒன்றுகூடத் தப்பாது.

ஜூன் மாதம் அந்தக் கடிதம் வந்தது. இவரே வாசித்தார், வாசலில் நின்றபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

இன்னாசி அவர்களின் வலது கையில் நுண்ணிய நடுக்கம் இருப்பதாகவும், அது மாதாமாதம் கூடிவருவதாகவும், பதினெட்டு மாத விளையாட்டு அசைவுகளிலிருந்து தெரியவந்திருக்கிறதாம். நரம்புக் கோளாறின் தொடக்கமாக இருக்கலாமாம். மறு ஆய்வு முடியும்வரை அவரை உயரத்தில் வேலை செய்ய அனுமதிக்கக் கூடாதாம். ஆய்வில் நடுக்கம் உறுதியானால் கிரேன் உரிமம் ரத்து.

"வெளையாட்டுச் சாமானுக்கு எப்படிட்டி தெரியும்?" என்று மகளிடம் கேட்டார். 

"டாடி, நாம கைய வீசும்போது அது செகண்டுக்கு எரநூறு தடவ பாக்கும். கை எங்க போகுது, எங்க உதறுதுன்னு. உதறுனா கல்லு கோணலாப் போகும்லா? ரெண்டு தடவ கோணலாப் போனா ஆளுக்கு வெறுத்துரும், வச்சிட்டுப் போயிருவாங்க. அதனால அது உதறல மட்டும் கழிச்சிட்டுக் கல்ல நேரா அனுப்பும். எவ்வளவு கழிச்சோம்னு எழுதியும் வச்சிக்கிடும்."

"அப்ப நான் நல்லா வெளையாடுதேன்னு நெனச்சதெல்லாம்?"

"அது வெளையாடிச்சு டாடி."

நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் கல்லையும் அது திருத்தித்தான் அனுப்பியிருக்குமோ என்று நினைத்ததும் மனசு சப்பென்று ஆகிவிட்டது. அதற்குமேல் என் புத்தி போகவில்லை. போக விடவில்லை என்றும் சொல்லலாம். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை விளையாடினாரே, அதைத்தான் பார்த்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானும் விளையாடினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். முதுகுவலி, மத்தியானம் படுத்தால்தான் ஆகும் என்று ஒன்றரை வருஷமாகச் சொல்லிவந்தவள், எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாளிலிருந்து இவரைக் கேட்டில் போட்டார்கள். உள்ளே வரும் லாரிகளின் நம்பரைச் சரிபார்க்கிற வேலை. "நாப்பது மீட்டர் ஒசரத்துல இருந்து பாத்த கடல, இப்ப கேட்டு இடுக்கு வழியாப் பாக்கேன்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

இவருடைய வேலையே ஆட்டத்தை நிறுத்துவதுதான். கம்பியில் தொங்கும் இரும்புப் பெட்டி கடல்காற்றில் ஆடும். அது ஆடுகிற பக்கமே கிரேனையும் ஒரு பிடி நகர்த்தினால் ஆட்டம் அடங்கும். எப்போது, எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும் என்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கையை நம்பித்தான் கப்பல்காரர்கள் சரக்கைக் கொடுத்தார்கள். இப்போது காலையில் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் அதே கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தக் கைதான் ஆடாது? மூன்றாம் நாள் அதுவும் ஆட ஆரம்பித்தது.

வீடு முழுக்க அந்தக் கையைச் சுற்றித்தான் சுழன்றது. நாத்தனார் ஜோஸ்பின் தைலம் கொண்டுவந்து காலையும் மாலையும் தேய்த்துவிட்டாள். மாதா கோயிலில் ஒன்பது நாள் ஜெபம் வைத்தோம். குடத்தைத் தூக்காதீங்க, மோட்டாரைத் தொடாதீங்க என்று அன்சிலா டாடியை அதட்டினாள். மதுரையில் ஒரு பெரிய நரம்பு டாக்டர். மூன்று மாதம் காத்திருந்தால்தான் அவரைப் பார்க்க முடியும். ஜோஸ்பின் யார் யாரிடமோ பேசி, மறு ஆய்வு நடக்கிற வாரத்து வெள்ளிக்கிழமைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள். ஒரு கைக்கு இத்தனை பேர் ஓடுகிறார்களே என்று எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. பொறாமையா? அதுவும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

நான் விளையாடுவதை நிறுத்தினேன். நிறுத்திப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. மத்தியானம் இரண்டு மணி ஆனால் வீட்டில் இருப்பே கொள்ளாது. அலமாரியை அடுக்குவேன், அடுக்கியதைக் கலைப்பேன். கொல்லைக்கும் வாசலுக்குமாக நடப்பேன். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே ஒரு கோட்டையை இடித்தேன். "சபாஷ், இன்னாசி!" என்றது டி.வி. எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயந்திரம் இவருக்கு டீ எடுத்துப்போகும்போது கப் சரிந்து உடைந்தது.

"எனக்கே கை இப்படி இருக்கு. நீயாவது கொஞ்சம் நிதானமா இருக்கக் கூடாதா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சில்லைப் பொறுக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

மறு ஆய்வுக்குப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். காப்பீட்டு அலுவலகம், இரண்டாவது மாடி, ஏ.சி. குளிர் தாங்கவில்லை. மதியரசன் என்று ஓர் அதிகாரி, முப்பது வயதுக்குள் இருப்பார், மரியாதையாகப் பேசினார். இவர் கையில் அதே மாதிரி கைப்பிடியைக் கொடுத்துப் பத்து முறை வீசச் சொன்னார். இவர் கை பயத்தில் வெடவெடத்தது. நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

மதியரசன் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இது வேற மாதிரி இருக்கு சார். இது பயத்துல ஆடுற கை. எங்க பதிவுல இருக்கறது அப்படி இல்ல. கல்லை வீசறதுக்கு முன்னாடி கை சும்மா பக்கத்துல தொங்கும் பாருங்க, அந்த நேரத்துல ஆடியிருக்கு. ஒரே தாளத்துல."

"எனக்கு அப்படி இல்லியே சார்?"

"இருங்க, எப்பெப்ப விளையாடியிருக்கீங்கன்னு பார்ப்போம்." திரையை விரலால் தள்ளினார். "திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும், மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு. அநேகமா எல்லா நாளும்."

இவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "சார், அந்த நேரம் நான் கிரேன்ல இருப்பேன். கம்பெனில கேட்டுப் பாருங்க!"

"அப்ப விளையாடினது யாரு? அந்த நேரத்துல வீட்ல யார் இருப்பாங்க?"

"அந்த நேரம் வீட்ல யாரும் இருக்க மாட்டாங்களே சார்" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கை அவர் முழங்கைமேல் பட்டுக்கொண்டிருந்தது.

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. யோசித்து, நிஜமாகவே யோசித்து, மகள் கல்லூரியில், தான் கிரேனில், வீட்டில் ஒருவரும் இல்லை என்று முடிவுக்கு வந்துதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் இருப்பேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நான்தான் வெளையாடுனேன். தெனமும். பதினெட்டு மாசமா."

இவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு வந்தது. அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நீயாட்டி? நீயா இத்தன கோட்டைய இடிச்ச? கள்ளி! முதுகுவலின்னியே!" என்று என் தோளை உலுக்கினார். மதியரசனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு அன்சிலாவுக்குச் சொல்வதற்காகக் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

இவர் கை இல்லை என்பது முடிவாகிவிட்டது. அப்படியானால் யார் கை என்று ஒருவரும் கேட்கவில்லை. என் வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று மெல்ல உரசிக்கொண்டிருந்தன, எதையோ உருட்டுவது போல. எத்தனை நாளாக அப்படி இருக்கிறதோ தெரியவில்லை. நான் அதன்மேல் இடது கையை வைத்து மூடினேன். மதியரசன் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேடம், ஒரு உறுதிமொழி குடுக்கணும்" என்றார். "பதிவு செஞ்சவரோட அனுமதி இல்லாம வேற ஆள் விளையாடினதா. நீங்க எங்க காப்பீட்டுல இல்ல. உங்க அசைவைச் சட்டப்படி நாங்க வச்சிருக்கவே கூடாது. நீங்க கையெழுத்துப் போட்டா அந்தப் பதிவு அத்தனையும் அழிஞ்சிரும். சார் நாளைக்கே கிரேன் ஏறலாம்."

"போடலன்னா?"

"விசாரணைக்குப் போகும். ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் சார் கீழதான்."  குரலைத் தாழ்த்தினார். "நான் டாக்டர் இல்ல மேடம். ஆனா எந்த டாக்டர்கிட்ட போனாலும், எப்ப ஆரம்பிச்சுது, எவ்வளவு கூடியிருக்குன்னுதான் முதல்ல கேப்பாங்க. அது அத்தனையும் இதுல இருக்கு. நாளைக்குத் திருப்பிக் கேட்டா எங்ககிட்ட இருக்காது."

"ஒரு காகிதத்துல எடுத்துத் தாங்களேன்."

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே மேடம். இருக்கறதெல்லாம் சார் பேர்ல."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இவர் கைபேசியில் பேசிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மூன்று வாரமாகப் பார்க்காத நடை. எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். யார்மேல் என்றே தெரியாமல் கோபம் வந்தது. கேட்டு இடுக்கில் கடல் பார்க்கும் மனுஷனை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

கண்ணாடிப் பலகைமேல் கையெழுத்துப் போட வேண்டும். அடையாள அட்டையில் இருப்பதோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். போட்டேன். பொருந்தவில்லை என்றது. மறுபடியும் போட்டேன். 'பி' பெரிதாக ஆரம்பித்து, 'யா' வருவதற்குள் எழுத்து எறும்பளவுக்குச் சிறுத்துவிட்டது. பொருந்தவில்லை.

இவர் உள்ளே வந்தார். "என்னட்டி, கையெழுத்துக்கூடவா பறந்துகிட்டுப் போடணும்?" என்று சிரித்தபடி பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். என் கை ஆடிய பக்கமே அவர் கையும் ஒரு பிடி நகர்ந்தது. ஆட்டம் நின்றது. பேனா நேராக ஓடியது. பொருந்திவிட்டது.

"அவ்வளவுதான், நிதானம்" என்றார். கையை எடுத்துக்கொண்டார். அவர் கைக்குத் தெரிந்தது, அவருக்கு இன்னும் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்திப் பெரிய டப்பாவாக மக்ரூன் வாங்கினார். தெருவில் எல்லோர் வீட்டுக்கும் கொடுத்தார். ரெஜினா அக்காவிடம், "எங்க வீட்ல ஒரு படைத்தளபதி இருக்கா, தெரியுமா?" என்றார். அன்சிலா கல்லூரியிலிருந்து பாதியில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். வாயில் போட்ட மக்ரூன் கரைவதற்கு நேரமாயிற்று.

"இனிமே ஒளிஞ்சி வெளையாட வேண்டாம் மம்மி. உங்க பேர்லயே புதுசாத் தொறந்து தாரேன்" என்றாள் அன்சிலா. டாடியின் பெயரை நீக்கினாள். திரையில் என் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வந்தது. மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விழுந்துகிடந்தது. ஒன்றரை வருஷத்தில் ஜன்னலைச் சாத்தாமல் நான் கைப்பிடியைப் பிடித்தது அன்றுதான் முதல்முறை.

கோட்டை எழும்பியது. ராஜா மீசையை முறுக்கினான். நான் கையை இழுத்து வீசினேன். கல் கொடிமரத்துக்கு மூன்று ஆள் தூரம் தள்ளிப் போய் விழுந்தது.

இரண்டாவது கல் ஆகாயத்துக்குப் போனது. மூன்றாவது என் காலடியிலேயே விழுந்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"புது ஆளுன்னா அதுக்குக் கை பழகணும் மம்மி" என்றாள் அன்சிலா, மக்ரூனைக் கடித்தபடி. "ஒரு வாரத்துல அதுவே திருத்திக்கிடும்."

நாலாவது. ஐந்தாவது. எந்தக் கல்லும் கோட்டையைத் தொடவில்லை. நான் கையைத் தொங்கவிட்டு நின்றேன். "பரவாயில்லை, பிளவியா. மறுபடி முயலுங்கள்" என்றது டி.வி. பதினெட்டு மாதத்தில் முதல்முறையாக அது என் பெயரைச் சொன்னது.

பின்னால் இவர் கைபேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "மதுரை ஆஸ்பத்திரிங்களா? வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு இன்னாசின்னு ஒரு அப்பாயின்ட்மென்ட்… ஆமா, நான்தான். அதக் கேன்சல் பண்ணணும். ஆண்டவர் புண்ணியத்துல கையில ஒண்ணும் இல்ல…"

திரையின் கீழே அந்த இரும்புக் கையுறை தெரிந்தது. எப்போதும் அசையாமல் நிற்கிற அந்தக் கை, இப்போது சும்மா தொங்கியபடி ஆடிக்கொண்டிருந்தது. ஒரே தாளத்தில். அன்சிலா கடிப்பதை நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "மம்மி?" என்றாள்.

அவள் குரலைக் கேட்டு இவர் திரும்பினார். திரையில் ஆடுகிற கையைப் பார்த்தார். எந்தக் காற்றிலும் பெட்டி ஆடுவதைக் கண்ணால் அளக்கத் தெரிந்த மனுஷன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கைபேசியில் யாரோ "ஹலோ, சார், கேன்சல் பண்ணிரவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"கேன்சல் பண்ணாதீய" என்றேன். "பேர மட்டும் மாத்தச் சொல்லுங்க."